ஒரு வீடு விடாமல் அழைத்தவள்

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். மில் ஆபீசில் கேட்டார்கள், போலீஸ் கேட்டது, பிற்பாடு மூக்குக்கண்ணாடி போட்ட பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்து, "இந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினது யாரம்மா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன். அப்போதே வாயைத் திறக்காதவள் இந்த வயசிலா திறக்கப்போகிறேன்? அதுவும் போக, அவள் தலைமை தாங்கினாள் என்று யாராவது எழுதிவிட்டால் அவளே வந்து, "என்னுங்க இது அநியாயம்!" என்று சண்டைக்கு நிற்பாள்.

அவளால் எந்தக் காரியத்தையும் தனியாகச் செய்ய முடியாது. அதுதான் அவளுக்கு இருந்த வியாதி. ஒரு பிடி நிலக்கடலை கையில் கிடைத்தால் போதும், "ஏனுங்க, வாங்க, கடலை இருக்குது" என்று டிபார்ட்மெண்ட் முழுவதையும் கூப்பிடுவாள். ஆளுக்கு ஒரு பருப்புகூடத் தேறாது. தின்றவர்களுக்கு நாக்கில் ருசி தட்டுவதற்குள் தீர்ந்துவிடும். அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். வழியில் நிற்கிற ஆட்டைக்கூட "கொஞ்சம் அக்கட்ட போங்க" என்று மரியாதையாகச் சொல்லித்தான் நகர்த்துவாள். மனிதர்களை அவள் 'ங்க' போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. எங்களைப் போன்ற சின்ன வயசுக்காரிகள் மட்டும் அவளுக்குக் கண்ணு, அம்மணி.

ஒரு தடவை கருமத்தம்பட்டியில் டூரிங் கொட்டகை போட்டு பேசும் படம் காட்டினார்கள். நான் துடியாய்த் துடித்தேன். இவளோ, கூட வேலை செய்கிற ஒருத்திக்குக் காய்ச்சல், அவளுக்குக் குணமாகட்டும், எல்லாருமாகப் போகலாம் என்றாள். அவளுக்குக் குணமானபோது இன்னொருத்தியின் மாமியார் மண்டையைப் போட்டாள். அந்தத் தீட்டு கழிவதற்குள் கொட்டகைக்காரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். "படம் எங்க போயிருது கண்ணு, இன்னொண்ணு வருமல்லோ" என்றாள். அந்தப் படத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் வேலை செய்த மில் கோயமுத்தூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் இருந்தது. நூற்ற நூலைச் சுற்றிச் சிட்டம் சிட்டமாக்குகிற ரீலிங் பகுதியில் பெண்கள்தான் வேலைக்கு. பாதிப்பேர் பால்குடிப் பிள்ளைக்காரிகள். மில் கேட்டுக்கு வெளியே ஒரு புளியமரம். அதில் பழைய சேலைத் துணியால் தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு உள்ளே வருவோம். வாட்ச்மேன் பெண்சாதி பார்த்துக்கொள்வாள். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவோம். மில் கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

புதிதாக ஒரு மானேஜர் வந்தார். வெளியூர்க்காரர். நாங்கள் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடுவதைப் பார்த்து, இது மில்லா சந்தைக்கடையா என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து கேட்டில் பூட்டு. மத்தியானச் சோற்று நேரம் தவிர ஒருத்தியும் வெளியே போகக்கூடாது. நூல் விலை இறங்கிவிட்டது என்று கூலியையும் வெட்டினார்கள். அதே வாரம் முதலாளி வீட்டில் பேரன் பிறந்தான். ஆர்.எஸ்.புரத்து பங்களாவில் மேளம் வைத்துக் கொண்டாடி, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சர்க்கரைப் பொட்டலம் அனுப்பினார்கள். அந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு தாதி, அது போதாமல் கொட்டிலில் கறவை மாடு. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் என் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கிக்கொண்டு என் கையில் சர்க்கரையைக் கொடுத்தார்களே, அதற்கு வயிறு எரிந்தது. பொட்டலத்தை எறும்புக்குப் போட்டேன்.

என் மகள் அப்போது தலை நிற்கத் தொடங்கிய பிள்ளை. காலையில் பால் கொடுக்கிற நேரம் வந்தால் எனக்குத் தானாகத் தெரிந்துவிடும். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் தானாக வடிந்து சேலை நனையும். நான் சிட்டம் சுற்றிக்கொண்டே பாலைத் தரையில் சிந்திக்கொண்டு நிற்பேன், வெளியே அவள் கத்தித் தொண்டை கட்டிக் கிடப்பாள். வாட்ச்மேன் பெண்சாதி பாவம், அழுகையை நிறுத்தக் கஞ்சித்தண்ணி கொடுத்தாள். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கன்னம் ஒட்டிவிட்டது. தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை.

நான் பொறுமைக்குப் பெயர் போனவள் அல்ல. நேரே மேஸ்திரியிடம் போய், "உங்கூட்டுப் பிள்ளைன்னா இப்படி உடுவீங்களா?" என்று காட்டுக் கத்தல் கத்தினேன். மேஸ்திரி எங்கள் பக்கத்து ஆள்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கையில என்ன இருக்குது அம்மணி, மேல இருந்து உத்தரவு" என்றார். நான் விடவில்லை. மானேஜர் காதுக்குப் போய், இனி ஒரு தரம் சத்தம் கேட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொல்லியனுப்பினார்கள்.

திரும்பி வந்த என்னைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தனியாப் போவாங்களா கண்ணு? கண்ணாலத்துக்கே தனியாப் போகமாட்டோம், சண்டைக்கு ஆராச்சும் தனியாப் போவாங்களா?"

"ஆமா, நீங்க எல்லாரையும் கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள எம்புள்ள போய்ச் சேந்துரும்!" என்று அழுதுகொண்டே எரிந்து விழுந்தேன்.

அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுடைய பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இந்தப் பால் விவகாரத்தில் அவளுக்குச் சல்லிக்காசு லாபம் கிடையாது. பிறகு, "செரி, அழைச்சுப்போடலாமுங்க" என்றாள். எனக்கே 'ங்க' போட்டுவிட்டாள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் தெரியவேண்டும். விசேஷத்துக்கு அழைப்பதென்றால் வழியில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதல்ல. வீட்டுக்கே போகவேண்டும், வெற்றிலை பாக்கை நீட்டவேண்டும். நீட்டினால் முதலில் கை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. என்ன விசேஷம் என்று கேட்பதெல்லாம் அப்புறம். வாங்கிவிட்டால் வந்தே தீரவேண்டும், வெறுங்கையோடு வரவும் கூடாது. ஒரு வீட்டை விட்டுவிட்டோமோ தொலைந்தோம், பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் ரீலிங் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு தட்டும் வெற்றிலையுமாகப் புறப்பட்டோம். மில்லில் வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான். "வர்ற வெள்ளிக்கெழம காலையில, பால் கட்டற நேரத்துக்கு, கேட்டுக்கு வெளிய நம்ம கொழந்தைகளுக்குப் பாலூட்டறமுங்க. நம்மூட்டு விசேசமுங்க. வந்துருங்க. உங்க ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கும் நீங்களே சொல்லிப்போடுங்க." இவ்வளவுதான். வேலைநிறுத்தம் என்ற வார்த்தையை அவள் உச்சரிக்கவே இல்லை. கேட்டவர்களுக்கு விளங்காமலும் இல்லை. ஒரு கிழவி பாக்கைக் கடித்துக்கொண்டே, "பூட்டை ஒடைக்கறதுக்குச் சம்மட்டி கொண்டாரட்டுமா?" என்று கேட்டாள்.

கழிவுப் பஞ்சு பொறுக்குகிற பெண்கள் சேரியிலிருந்து வருகிறவர்கள். மில்லில் அவர்களுக்குத் தண்ணீர்ப் பானை தனி, தூளி கட்டுவதும் தள்ளி நிற்கிற வேலமரத்தில்தான். அவர்கள் வாசலுக்குப் போய் யாரும் வெற்றிலை வைத்ததில்லை. சேரி முனையில் எங்கள் ஆட்கள் நின்றுவிட்டார்கள். "இவங்களையுமா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அவங்க கொழந்தைக்குப் பசிக்காதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே நடந்தாள். முதல் வீட்டுக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இவள் நீட்டிய தட்டை இறக்கவே இல்லை. கை வலித்திருக்கும். கடைசியில் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். உடனே இவள், "தாகமா இருக்குது, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். எனக்கும் தாகம், நானும் வாங்கிக் குடித்தேன். கூட வந்தவர்களில் ரெண்டு பேர் குடிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை.

கடைசியாக மேஸ்திரி வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? இந்தாளு நேரா மானேஜர்கிட்ட ஓடுவாரு!"

"ஒரு ஊட்டை உட்டுப்போட்டா அது விசேசமாகுங்களா அம்மணி?"

மேஸ்திரி வாசலில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூட்டமாக வருவதைக் கண்டு, "வாங்க, வாங்க" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் தட்டை நீட்டினாள். பழகிப்போன கை தானாக நீண்டுவிட்டது. பாக்கை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டார். அப்புறம்தான், "என்ன விசேசமுங்க?" என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் மறைக்காமல் வெள்ளிக்கிழமை, கேட், பால் எல்லாம் சொன்னாள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கதவுக்குப் பின்னால் நின்ற அவர் பெண்சாதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெளியே வந்து அவளும் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "வெத்தலபாக்கு வாங்கிப்போட்டு ஆருகிட்டயாவது மூச்சு உட்டீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன், சொல்லிப்போட்டேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது காட்டிக்கொடுத்தால் என் வேலை போகும், மகளுக்குக் கஞ்சித்தண்ணிகூட இருக்காது. அவளோ வழக்கம்போல யாருக்கோ கடலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை எனக்கு மார்பு கட்டிக்கொண்டு வந்தது. ரீலிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் எடுத்தாள். வரிசை வரிசையாக ரீல் நின்றுபோய், அந்தக் கூடத்தில் நாங்கள் அதுவரை கேட்டேயிராத அமைதி வந்தது. யாரும் கோஷம் போடவில்லை. விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தோம். கழிவுப் பஞ்சுப் பெண்கள் அந்தப் பக்கமிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். நூல் நூற்கிற ஸ்பின்னிங் பகுதி ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பெண்கள் போவதைக் கண்டு அவர்களும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். கேட்டில் மேஸ்திரி நின்றார். தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம்! எங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்து பார்த்தோம். ரோடு கொள்ளாத கூட்டம். வெற்றிலை வாங்கியவர்கள் தங்கள் ஒறம்பரைக்கு வைத்திருக்கிறார்கள், அவர்கள் அவர்களுடைய ஒறம்பரைக்கு வைத்திருக்கிறார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள், சோமனூரிலிருந்து கைத்தறிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் விசேஷத்துக்கு வெறுங்கையோடு வருவார்களா? கம்பு, ராகி, தேங்காய், வாழைத்தார், கத்தரிக்காய் என்று தலைச்சுமையாகச் சுமந்து வந்து இறக்கினார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த பாய், "நமக்கும் வெத்தலை வெச்சாங்கம்மா" என்று தன் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கேயே அடுப்பு மூட்டியாயிற்று. புளியமரத்தில் இடம் போதாமல் எங்கள் தூளிகள் வேலமரத்துக்குப் போயின, அங்கிருந்தவை இங்கே வந்தன. யார் பிள்ளை எந்தத் தூளி என்று தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. என் மகளை எடுத்து மடியில் போட்டேன். முகத்தை முட்டி முட்டிக் குடித்தாள். அழுதுவிட்டேன்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தாராபுரம் பக்கத்துக்காரர். "யாரு தலைவர்? முன்னால வா!" என்றார். ஒருவரும் நகரவில்லை. அதுவரைக்கும் வேறு மில்களில் முன்னால் வந்து நின்ற ஆண்களையெல்லாம் பிடித்து வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். தலை போனதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். இங்கே தலையைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை.

"உன்னை யாரும்மா கூப்பிட்டது?" என்று ஒருத்தியைக் கேட்டார்.

"அதோ, அவங்கதானுங்க."

அவளைக் கேட்டால் இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் சோமனூர்க்காரரைக் காட்டினாள். அவர் பாயைக் காட்டினார். பாய் மேஸ்திரி பெண்சாதியைக் காட்டினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நம்மூட்டு விசேசமுங்க, எல்லாருந்தானுங்க கூப்புட்டோம்" என்றாள். இன்ஸ்பெக்டர் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வேர்த்துப்போனார். அப்போது முதல் வெற்றிலை வைத்த எங்கள் அக்கா எழுந்து தட்டோடு அவர் எதிரே போய் நின்றாள். "ஏனுங்க, உங்களை அழைக்காம உட்டுப்போட்டமுங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றாள். தாராபுரத்து மனிதர், வழக்கம் தெரிந்தவர். தட்டைக் கண்டதும் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். கூட்டம் சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர்களும் சிரித்துவிட்டார்கள். எந்தச் சட்டத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களை அடிப்பது என்று தெரியாமல் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அதற்கடுத்த நாளும் நாங்கள் உள்ளே போகவில்லை. அதற்கும் அடுத்த நாளும் போகவில்லை. சீர் வந்துகொண்டே இருந்தது, அடுப்பு அணையவில்லை. ரோட்டோரத்து மற்ற மில்களிலும் பெண்கள் வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நாங்கள் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை, பேசியதில்லை.

மானேஜர், பேசுவதற்கு ஒரு ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார். "விசேச ஊட்டுக்காரங்க நாம போகக்கூடாதுங்க, அவுங்கதான் வரோணும்" என்று யாரோ சொன்னார்கள். அவள் சொன்னதல்ல, அப்போது அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வந்தார். கோரைப்பாய் விரித்து உட்காரச் சொன்னோம். கால்சட்டையோடு சம்மணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இலை போட்டுக் கம்பஞ்சோறும் மோரும் வைத்தோம். சுற்றிலும் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற பெண்கள். பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"என்னதான் வேண்டும் உங்களுக்கு?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. அன்றைக்குத் தட்டைக் கண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளே சேரிப் பெண், அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, கேட்டைத் தொறந்து உடோணுஞ் சாமி."

வெட்டின கூலியைப் பற்றி இன்னொருத்தி சொன்னாள். ஒருத்தரையும் வேலையை விட்டு எடுக்கக்கூடாது என்று ஸ்பின்னிங் ஆள் ஒருவர் சொன்னார். பிள்ளைகளுக்கு வெயில் மறைக்க ஒரு கொட்டகை வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு உள்ளே போனார். ஆர்.எஸ்.புரத்துக்கு கார் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது மானேஜரே கேட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று உரக்கச் சொன்னார். காலையிலும் சாயங்காலமும் பாலுக்கென்று தனியாகச் சங்கு ஊதுவார்களாம். அடேயப்பா, அந்தச் சத்தம்! குலவை போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனோம். காலையில் சங்கு ஊதியது. ரீலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், எல்லோரும் ஓடினோம். ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட, புதுக்கீற்று வாசம் அடிக்கிற கொட்டகையில் எல்லாத் தூளியும் ஒன்றாகத் தொங்கின. மகளை எடுத்து மடியில் போட்டு நிமிர்ந்தால், எதிரே அவள் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க எதுக்குங்கக்கா வந்தீங்க? உங்களுக்குத்தான் பால்குடி இல்லையே!"

"சங்கு எல்லாரையும் பொதுவாத்தான கண்ணு கூப்புட்டுது" என்றாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் தூரத்தில், கிழக்கே, இன்னொரு சங்கு ஊதியது. அது வேலை தொடங்குகிற நேரமும் அல்ல, முடிகிற நேரமும் அல்ல. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். அது ஓய்ந்ததும் அதற்கும் அப்பால், சோமனூர்ப் பக்கம், மெல்லிசாக இன்னொன்று. நாங்கள் மிதித்தேயிராத மில்கள். மகள் சத்தத்துக்குத் திடுக்கிட்டு மார்பை விட்டாள். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கவ்விக்கொண்டு குடிக்கத் தொடங்கினாள்.